வீட்டுக்கு ஒரு குரல்

ஏலிம்விளைச் சபையார் கமிட்டி கூடாமல் கோயிலுக்கு ஒரு துடைப்பம்கூட வாங்கியவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் கோயில் பேண்டுக்கு ஹார்ன் வாங்கும் விஷயத்தில் மட்டும் ஹெப்சிபாவைத் தனியாக மதுரைக்கு பஸ் ஏற்றி அனுப்பினார்கள் என்றால், அந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஊரில் அதை ஊதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதும், கமிட்டியிலிருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு அதில் எது வாய் எது வால் என்றே தெரியாது என்பதும், தெரிந்த ஒன்பதாவது ஆளான பேண்ட் மாஸ்டர் எபனேசருக்கு மூட்டுவலி என்பதும்தான் காரணம்.

பழைய ஹார்ன் வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்தது. சோப்பாலும் மெழுகாலும் சைக்கிள் டியூப் துண்டாலும் ஓட்டை அடைத்து அடைத்து ஊதிக்கொண்டிருந்தது, போன ஈஸ்டர் பவனியில் 'அல்லேலூயா' பாடப் போகிற நேரம் பார்த்து வால்வ் கழன்று, முன்னால் போன டிரம்காரர் பிடரியில் தெறித்து விழுந்தது. அதற்குப் பிறகு ஹெப்சிபா வெறும் தையல்காரி ஆகிப்போனாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஈரவிறகில் புகைந்துகொண்டிருந்த ஊர்ச்சமையல் அடுப்பை அவள் ஒரே மூச்சில் ஊதிப் பற்றவைத்ததைப் பார்த்த எபனேசர், "ஏம்மா, இந்த மூச்சை வச்சுக்கிட்டா நீ தையல் மெஷினை மிதிச்சிக்கிட்டு கெடக்க?" என்று கேட்டு அவளைப் பேண்டில் சேர்த்தார். அவளுடைய பெயர் தாத்தா வைத்தது, புருஷன் ஜெயசிங் பெரியப்பா பார்த்தது, மெஷின் சீதனமாக வந்தது, வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதுகூட மாமனார் முடிவு செய்தது. அந்த மூச்சு மட்டும்தான் அவளாகக் கொண்டுவந்தது. அது வெளியே போக ஓர் ஓட்டை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எபனேசர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்து பாடம் சொல்லி அனுப்பினார்.

"இரட்டை ஹார்ன் பக்கமே திரும்பிப் பாக்காத. ரெண்டு சோடி குழாய், விலையும் கனமும் ரெண்டு மடங்கு. நமக்கு ஒத்தை ஹார்ன் போதும். வால்வை அமுக்காம குழாயை உருவு, டப்புன்னு சத்தம் வரணும். வரலைன்னா உள்ளுக்குள்ள காத்து ஒழுகுதுன்னு அர்த்தம். நசுங்கல் இருந்தா பரவால்ல, ஒழுகல் ஆவாது. வெளங்குதா?"

"வெளங்குது மாஸ்டர்."

"கடைக்காரன் பேச்சைக் கேக்காத. சத்தத்தைக் கேளு."

அவள் சத்தத்தைத்தான் கேட்டாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்திலிருந்த அந்தக் கடையில் ஒற்றை ஹார்ன் மூன்று இருந்தன. ஒன்று ஜெர்மனிக்காரன் செய்தது. அதை எடுத்து ஊதிய உடனே அவளுக்குக் கண் கலங்கியது, விலையைக் கேட்டதும் கலங்கல் வற்றிவிட்டது. இரண்டாவது குட்டைக் குழாய், கைக்கு இலகு, விலையும் சபையின் பைக்குள் அடங்கியது. ஆனால் நடு வால்வ் ஒட்டி ஒட்டி விட்டது, சத்தம் சளி பிடித்த கன்றுக்குட்டி மாதிரி இருந்தது, எண்ணெய் போட்டு ஒரு வருஷம் உயிரை விட்டு ஊதினால் ஒருவேளை படியலாம். மூன்றாவது மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. மெருகில்லாத நீளக்குழாய். உருவிப் பார்த்தாள், டப். மறுபடி உருவினாள், டப். விலை இரண்டாவதைவிடவும் குறைவு.

"இது ஏன் இவ்வளவு சல்லிசா இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

கடைக்காரர் நெஞ்சில் கையை வைத்தார். "தாயி, இந்த ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பரமானந்தம் பொய் சொல்ல மாட்டான். பரமானந்தம்…"

அதற்குள் அவள் ஊதிவிட்டாள். வழவழவென்று செக்கெண்ணெய் ஊற்றுவது போல ஒரு நாதம் வந்து கடை முழுக்கப் பரவியது, பரமானந்தம் வாயைத் திறந்தபடியே பேச்சற்று நின்றார். வாழ்நாள் முழுக்க ஹார்ன் விற்றவரே வாயடைத்துப் போகிறாரே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் உதட்டை எடுத்ததும் அவர் கனைத்துக்கொண்டு, "எடுத்துட்டுக் கிளம்புங்க தாயி. வித்த சாமானை நாங்க திருப்பி வாங்குறதில்ல" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயரு என்றுதான் சொல்வார்கள். எபனேசர், "ஐயரு வந்துட்டாவ, ஊதும்மா" என்றார், அவள் ஊதினாள், ஐயர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினார், கை நின்றது, உதடு அசைந்தது, குரல் வரவில்லை. ஹார்னிலிருந்து மட்டும் பிரசங்கத் தொனியில் கொஞ்சம் மூக்கடைப்போடு கீதம் போய்க்கொண்டிருந்தது. கீதம் முடிந்ததும் குரல் ஐயரிடம் திரும்பியது. புதன்கிழமை ஒத்திகையில் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த செல்லத்தாய் பெரியம்மை, பேண்டில் யாரோ அவர் பேரைச் சொல்லி அலுத்துக்கொண்டதும், பாதி ஏச்சில் ஊமையானார், மீதி ஏச்சு ஹார்ன் வழியாக பாமாலைப் புத்தகத்தின் மூன்றாம் பாட்டாக வெளியே வந்தது. எபனேசர் இரண்டு வாரம் தாளில் குறித்து வைத்துப் பார்த்து, கமிட்டியில் எழுந்து விளக்கம் சொன்னார். அந்த ஹார்னுக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது, அதன் பக்கத்தில் கடைசியாக யார் பேரைச் சொல்கிறோமோ அவர் குரலை வாங்கி ஊதுகிறது, ஊதி முடித்ததும் கொடுத்துவிடுகிறது.

"திருப்பிக் குடுத்துருது இல்லா? அப்ப என்ன?" என்றது கமிட்டி.

இதைவிடப் பெரிய ஆச்சரியத்தையெல்லாம் பார்த்த ஊர் அது. மழை பெய்ததையே பார்த்திருக்கிறது. ஆகவே யாரும் ஹார்னைக் கிணற்றில் போடச் சொல்லவில்லை, பேயோட்டவும் சொல்லவில்லை. ஆராதனை நேரம் எழுதும் கரும்பலகையில், ஞானஸ்நானம், திருமணம் இவற்றுக்குக் கீழே 'இவ்வாரக் குரல்' என்று ஒரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஆளாளுக்குப் போட்டி. தன் குரல் ஊதப்படும் ஞாயிறன்று வெள்ளை வேட்டி கட்டி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள், தம் குரலைத் தாமே காதால் கேட்டுத் தலையாட்டினார்கள். ஆராதனை முடிந்ததும் புளியமரத்தடியில் விமர்சனம் நடந்தது. பால்துரை குரலில் கர்வம் ஜாஸ்தி, கீழ்ச் சுரத்துக்கு ஆகாது. தபால்காரர் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இடையிடையே ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பது போலிருக்கிறது. புருஷன் பேரை எழுதிக்கொடுத்துவிட்டு கீதம் போகிற நேரம் மட்டுமாவது நிம்மதியாகக் காய் நறுக்கிய பெண்களும் இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பிறகுதான் ஒவ்வொருவராக நழுவினார்கள். பாடகர் குழுவுக்குக் குரல் வேண்டும், விலக்கு. ஐயருக்குப் பிரசங்கம், விலக்கு. வாத்திமாருக்கு வகுப்பு, கடைக்காரருக்கு வியாபாரம், வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போன், கமிட்டியாருக்குக் கமிட்டி. பலகையில் எழுதப் பேர் கிடைக்காமல் போனபோது கமிட்டி கூடி யோசித்தது. அவர்கள் ஊரில் அசனம் என்று ஒரு விருந்து உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுத்து, கோயில் வளாகத்தில் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதே கணக்கில் வீட்டுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டால் போயிற்று என்று தீர்மானம் ஆனது. அரிசியிடம் கேட்டா அளக்கிறோம் என்பதால், குரலுக்கு உரியவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தலைவாசலில் நின்று பேர் எழுதிக்கொடுத்தார்கள். யார் பேர் வந்திருக்கும்? மாமியார்களும், புருஷனை இழந்த அக்காக்களும், கண் தெரியாத அப்பாக்களும் ஒரு சாயங்காலத்தில் பட்டியலில் ஏறினார்கள்.

ஹெப்சிபா எழுதிக்கொடுத்த பேர் நேசம்.

நேசம் அவள் புருஷன் ஜெயசிங்கின் தங்கை. நாற்பது வயது, கல்யாணம் கூடிவரவில்லை, அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஏழு ஆடுகளோடு இருந்தாள். விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரைக்கும் பேசுவாள். ஆட்டோடு பேசுவாள், வாளியோடு பேசுவாள், கறிவேப்பிலைக் கன்று வாடுவதைப் பற்றி வீட்டிலிருக்கிற எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்வாள். யாரும் கேட்பதில்லை. பனையோலைச் சத்தத்தை யார் கவனிக்கிறார்கள், அப்படி. கமிட்டி வந்து நின்றபோது அவள் ஐந்தடி தூரத்தில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "நேசம்னு போடுங்க, அவ சும்மாதானே பேசிக்கிட்டிருக்கா" என்றாள் ஹெப்சிபா. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. துணிக்கு அளவெடுக்கும் அவசரத்தில் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு நேசத்தின் பேரைச் சொல்லி ஹெப்சிபா ஊதியபோது கோயிலில் விசிறிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. அப்படி ஒரு குரலை அவர்கள் கேட்டதில்லை. தாகத்துக்கு மண்பானைத் தண்ணீர் இறங்குவது போல இறங்கியது, அதற்குள் துக்கமும் இருந்தது, ஒரு சின்னச் சிரிப்பும் இருந்தது. எபனேசர் முப்பது வருஷம் போலீஸ் பேண்டில் அழாத ஆள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரசங்கத்தில் தூங்குவதற்கென்றே வருகிற பால்துரை விம்மினார். குழாயடியில் அதே குரல் "அண்ணாச்சி, ஒரு சேதி" என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்க்காமல் போனவர்கள்தான் எல்லோரும். ஹெப்சிபாவுக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தன் மூச்சுக்காக இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த நாதம்தான் என்று அவள் நம்பினாள், நம்பியதில் பாதி உண்மையும் இருந்தது.

அன்றைக்குப் பிறகு பட்டியல் அடுத்த பேருக்குப் போகவில்லை. பலகையில் 'இவ்வாரக் குரல்: நேசம்' என்பதை அழித்து வேறு பேர் எழுதச் சாக்பீஸ் செலவாகவில்லை. பக்கத்துச் சேகரங்களின் சபைகளிலிருந்து கல்யாணத்துக்கும் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் ஏலிம்விளை பேண்டைக் கூப்பிட்டார்கள், வேனில் பின் சீட்டில் நேசத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். குரலின் ஆள் சத்தம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டிரம் ஏற்றுவது போலத்தான். மேடையில் ஹெப்சிபாவுக்குச் சால்வை போட்டார்கள். நேசம் பந்தலுக்கு வெளியே வாயை மூடி நின்று, முடிந்ததும் அண்ணன் மனைவியிடம், "மைனி, இந்த ஊர்த் தண்ணி உப்பு" என்றோ வேறு எதையோ சொல்லிக்கொண்டே வேனில் ஏறினாள்.

திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்று எபனேசர் சொன்னது முக்கால் பங்கு சரி. கால் பங்கு அவர் கவனிக்கவில்லை. பால்துரையிடமும் தபால்காரரிடமும் ஒரு நாள் வாங்கிய குரலில் குறைந்தது தெரியவில்லை, வாராவாரம் வாங்கிய குரலில் தெரிந்தது. முதலில் ஆடுகளுக்குத் தெரிந்தது. தேரியின் மறுகரையிலிருந்து நேசத்தின் ஒரு கூப்பாட்டுக்கு ஓடி வருகிறவை, பிறகு பாதித் தூரம் போய்க் கூப்பிட்டால்தான் வந்தன. ஆடி பிறக்கும்போது அவள் பக்கத்தில் போய்க் கையைத் தட்டினாள்.

அடுத்து தெரிந்துகொண்டது ஹெப்சிபா. அவள் பார்க்காதவளில்லை. ஜன்னலோரம் மெஷின் மிதித்தபடி அந்தக் கைதட்டலைக் கேட்டாள், ஊசி நின்றது, பிறகு மிதித்தாள்.

"மைனி, தொண்டைக்குள்ள என்னமோ கொறையுது. வலி இல்ல. கொறையுது" என்றாள் நேசம் ஒருநாள், ஈரத்துணி பிழிகிற அளவு சத்தத்தில்.

"பனிக்காத்து. சுக்குக் காப்பி போட்டுத் தாரேன்" என்றாள் ஹெப்சிபா. ஆடிக்காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. நிறையக் கருப்பட்டி போட்டுக் காப்பி கொடுத்தாள். நேசம் அதைக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று தலையாட்டியபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஹெப்சிபாவுக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது. எபனேசரிடம் போய், மதுரையில் பார்த்த அந்த இரண்டாவது ஹார்னை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"அந்தக் கன்னுக்குட்டியையா? வேற பேரு போட்டு இதையே ஊதிப் பாக்கலாமேம்மா."

"வேற யாரு பேரைப் போட மாஸ்டர்?"

இரண்டு பேருக்குமே வேறு குரல் வேண்டியிருக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. "அசனம் முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்றார் எபனேசர். பதினான்கு ஊர் ஜனம் அந்த வருஷ அசனத்துக்கு அந்த ஹார்னைக் கேட்பதற்கென்றே வருவதாக இருந்தது. அசனம் முடியட்டும் என்று அவளும் சொல்லிக்கொண்டாள். துணி தைக்கும்போது, படுக்கும்போது, ஹார்னைத் துடைக்கும்போது சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் நேசத்தின் முகத்தைப் பார்க்காமல் ஹார்னை உறையில் போட்டாள்.

அசனத்தன்று சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் இறங்கியிருந்தன, பந்தலில் பாய் விரித்து இலை போட்டாயிற்று, பேண்ட் ஒரு கீதம் வாசித்ததும் ஐயர் ஜெபம் பண்ண வேண்டும், ஜனம் உட்கார வேண்டும். நேசம் தண்ணீர் டம்ளர் அடுக்கிய தட்டோடு பந்தல்காலின் பக்கத்தில் நின்றாள். காலையிலிருந்து அவள் பேசியதை யாரும் கேட்கவில்லை, அதில் புதுமை ஒன்றும் இல்லாததால் யாரும் கவனிக்கவும் இல்லை. ஹெப்சிபா ஹார்னின் வாய்க்குப் பக்கத்தில் "நேசம்" என்றாள். ஊதினாள்.

கீதம் வரவில்லை. கொடுத்து வாங்கக் கொடுத்து வாங்கக் குறைந்த குரல் கடைசித் துளிவரைக்கும் உள்ளே வந்து சேர்ந்துவிட்டது, இனித் திரும்பிப் போக வேண்டியதில்லாத குரல் யாருடைய பாட்டுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஹார்ன் பேசியது.

"கோயில் கிணத்து உருளை தேஞ்சிருக்கு எபனேசர் அண்ணாச்சி, கயிறு அறுந்துரும், மூணு தரம் சொன்னேன்."

பித்தளையிலிருந்து நேசத்தின் குரல் வழக்கமான அந்தச் சளசளப்போடு, பந்தலின் கடைசி இலை வரைக்கும் கேட்கும்படி வந்தது. டிரம்காரர் குச்சியை இறக்கினார்.

"செல்லத்தாய் பெரியம்மை, ஒங்க மவ பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதுச்சு. புருஷன் வீட்டுல சரியில்லன்னு நெனைக்கேன். ஒங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க சண்டையில இருந்திய."

செல்லத்தாய், "எப்ப? எப்பட்டி?" என்று ஹார்னைப் பார்த்துக் கேட்டார். எபனேசர் நிறுத்து நிறுத்து என்று கையைக் காட்டினார், ஐயர் எழுந்தார். உதட்டை எடுத்தால் நின்றுவிடும், அது ஹெப்சிபாவுக்குத் தெரிந்தது. இனி இந்த மூச்சைத் தவிர நேசத்துக்கு வேறு வாய் இல்லை என்பதும் அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய ஊதினாள்.

"அண்ணே, அம்மா கடைசியா கேட்டது தண்ணி இல்ல. ஒன்னையத்தான் கேட்டா. நாலு தரம் வந்து சொன்னேன். நீ சரி சரின்ன."

கறிவாளியைப் பிடித்திருந்த ஜெயசிங் அதைக் கீழே வைத்துவிட்டு, வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஹெப்சிபாவுக்கு நெஞ்சு எரிந்தது, காது அடைத்தது, மூச்சு அடியோடு தீரப்போகிற இடத்தில் குரல் மெலிந்து அவள் பக்கம் திரும்பியது.

"மைனி, அன்னைக்கு நான் அஞ்சடி தள்ளித்தான நின்னேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எழுதிக்கோங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

மூச்சு தீர்ந்தது. ஹார்ன் நின்றது. பந்தலில் யாரோ ஒரு கைக்குழந்தையின் வாயைப் பொத்தினார்கள்.

ஹெப்சிபா ஹார்னை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு மூன்று முறை காற்றை வாங்கிவிட்டு, டம்ளர் தட்டோடு நின்றவளிடம் நடந்துபோனாள்.

"நேசம்," என்றாள். "இன்னும் ஊதட்டுமா?"

நேசம் தட்டை இறக்கி வைத்தாள், ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள், எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அந்த ஊர் காத்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான், ஐயரும் கமிட்டியும்கூட. அதை அவள் அவசரமில்லாமல் அனுபவித்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வேண்டாம் என்று தலையாட்டினாள். ஹெப்சிபாவின் கையிலிருந்து, தன் குரல் இருந்த ஹார்னை வாங்கிக்கொண்டாள், பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தலைவிட்டு இறங்கி வெயிலில் நடந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் இலையில் உட்காரவில்லை, அவளைக் கூப்பிடவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.